தோளில் கிடந்த துண்டு

தங்கை மகன் புதுக் கார் எடுத்து வந்து ஏனாத்தூர் வீட்டு வாசலில் நிறுத்தினான். மூன்றாம் நாளே அதில் கீறல் போட்டவன் நான்தான். கருநீல வண்டி, மேலே லேசாகப் புழுதி. பிள்ளைக்கு உதவியாக இருக்கட்டுமே என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறக்கூட இல்லாமல், பானெட்டை அழுத்தித் துடைத்து வைத்தேன். வெயில் ஏறியதும் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள். "பரவால்ல மாமா" என்றான். அந்தப் பரவாயில்லை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

நாற்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவன் செய்கிற காரியமா அது? நகத்தில் ஒரு பிசிறு இருந்தால் இழை சிக்கும் என்று விரலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தறிக்குழியில் கால் வைப்போம். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவோம். கஞ்சி எதற்கு? அச்சும் நாடாவும் உரசுகிற உரசலை அது வாங்கிக்கொள்ளும், இழை தப்பிக்கும். காருக்குப் பூசுகிற வேக்ஸும் அதே வேலைதான் செய்கிறது. கரைந்து போவதற்கென்றே பூசுவது. போன பிறகு மறுபடி பூச வேண்டும்.

பையனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில் வேலை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைத் தறியிலிருந்து கம்பெனி பஸ் அழைத்துக்கொண்டு போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கதை. அவன்தான் சொன்னான்: இரும்பு உடம்பைத் தொட்டியில் முக்கித் துருப்பிடிக்காத பூச்சு ஏற்றுவார்கள், பிறகு பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். அதற்கு நிறமே கிடையாது. நாம் பார்க்கிற பளபளப்பு அதுதான். கனம் நாற்பது, ஐம்பது மைக்ரான், தலைமயிரைவிட மெல்லிசு.

எனக்குச் சரிகை ஞாபகம் வந்தது. அசல் சரிகையில் பட்டு நூல்மேல் வெள்ளியைச் சுற்றி அதன்மேல் தங்கம் ஏற்றியிருக்கும். எடையில் அந்தத் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் கல்யாண வீட்டில் கண்ணுக்குப் படுவது அது ஒன்றுதான்.

ஆகவே தம்பிகளா, புழுதி இருக்கும்போது துணி போடாதீர்கள். புழுதி என்பது பொடி மணல். முதலில் தண்ணீரை ஊற்றி அது தானாக ஓடட்டும். நிழலில், வண்டி சூடு ஆறிய பிறகு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசச் சுத்தத் தண்ணீர். ஒரே வாளி என்றால் கழுவின மண்ணையே திரும்பப் பூசுகிறோம். பாத்திரம் விளக்குகிற சோப்பு வேண்டாம், வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். காக்கை எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயின்டை அரிக்கும். சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். பூசை போடும்போது மாலையைக் கம்பியால் கட்டி பானெட்டில் கிடத்துகிறார்களே, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், நூலால் கட்டச் சொல்லலாம். கீறல் விழுந்துவிட்டால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். சிக்கவில்லையா, பாலிஷில் போகும். ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். எத்தனை தடவை தேய்ப்பீர்கள்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு வண்டியைப் போர்வைக்குள் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. புழுதியோடு கவர் போட்டால் காற்றில் அதுவே உப்புத்தாள் மாதிரி உரசும். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துச் சரிகையைக் கறுக்க விடுகிற ஆட்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

போன மாசம் அந்தக் காரில்தான் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்மப் பல்லவன் கட்டி ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் மழைக்கும் காற்றுக்கும் கரைகிறது. காப்பாற்ற வேண்டும் என்று பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்தை அப்பியிருக்கிறார்கள். கல் பிழைத்தது, சில சிங்கங்களின் முகம் மட்டும் சாந்துக்குள் மழுங்கிப் போய்விட்டது. பல்லவச் சிற்பி உளி வைத்த இடம் எது, பின்னால் வந்த கொத்தன் கரண்டி வைத்த இடம் எது என்று பையனும் நானும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது சாய்ந்த வெயிலில் பானெட்டின் வட்டக் கோடுகள் மறுபடி தெரிந்தன. பாலிஷ் போட்டுவிடேன் என்றேன். "இருக்கட்டும் மாமா, கிளியர் கோட் மெல்லிசு" என்றான். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவ இப்போது நானும் கூட நிற்கிறேன். கிட்டே போகும்போதெல்லாம் அவன் முதலில் என் தோளைத்தான் பார்க்கிறான்.