விதியல்ல, வேகம்!

"விதி முடிந்தது, போய்விட்டான்" என்கிறார்கள். சாலையோரத்திலே மிதிவண்டி வளைந்து கிடக்கிறது. ஓட்டி வந்தவன் உயிரற்றுக் கிடக்கிறான். கூடி நிற்போர் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "எல்லாம் எழுத்து" என்கிறார்கள். எழுதியவன் யார் என்று கேட்பாரில்லை. கேட்டால் விடை கிடைக்கும், தோழர்களே! எழுதியது வேகம். எழுத இடங்கொடுத்தது, மிதிவண்டிக்கென ஒரு முழ இடமும் ஒதுக்காத சாலை!

நான் மேலப்பாளையத்துக்காரன். தறியோசைக்கும், பின்னர் பீடித் தொழிலுக்கும் பேர்போன ஊர். இங்கிருந்து கொக்கிரகுளம் வழியாக ஆற்றுப் பாலத்தைக் கடந்து, நெல்லைச் சந்திப்புக்கு நாள்தோறும் மிதிவண்டியில் போய் வருகிறேன். என்னோடு வழிநெடுக வருவோர் யார்? பால்காரர், கொத்தனார், கடைச் சிப்பந்தி, செய்தித்தாள் போடும் சிறுவன். சீமான்கள் அல்லர்! இடப்புறம் ஒதுங்கினால் மணல், அதற்கப்பால் சாக்கடை, அதன்மேல் இட்ட இரும்புக் கம்பிகளோ சாலையின் போக்கிலேயே நீண்டு, சக்கரத்தை விழுங்கக் காத்திருக்கின்றன. வலப்புறம் விலகினால் லாரி. நடுவே ஒரு சாண். அதுதான் எங்கள் ராஜபாட்டை!

அண்டை வீட்டுப் பெண் 11-ஆம் வகுப்பில் சேர்ந்தாள். அரசு தந்த மிதிவண்டியும் வந்தது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06-இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்குமாக விரிந்த திட்டம் அது. நல்ல திட்டம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தபோது, பிறர் தயவுக்குக் காத்திராமல் அவர்கள் வெளியேறிச் சென்றதை நாடே வியந்து பார்த்ததன்றோ!

ஆனால், நடந்தது என்ன? ஒருநாள் பேருந்தொன்று அந்தப் பெண்ணை உரசிச் சென்றது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். பீடி சுற்றும் சுளகை மடியிலிருந்து இறக்காமலே அவள் தாய் என்னிடம் சொன்னார்: "உசிரு மிஞ்சினாப் போதும் அண்ணாச்சி, வண்டி நிக்கட்டும்." நிற்கிறது, தாழ்வாரத்திலே! அதன்மேல் துணி காய்கிறது. பேருந்து வரத் தாமதமான நாளெல்லாம் அவளுக்கு முதல் பாடம் போய்விடுகிறது. தாயைக் குறை கூறுவேனா? வண்டியைத் தந்த அரசு வழியைத் தர மறந்ததே, அதைத்தான் கூறுவேன்.

தெரு யாருக்குச் சொந்தம்? 1924-இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று ஒடுக்கப்பட்டோருக்குக் கட்டளையிட்ட தெருக்களும் இந்நாட்டில் உண்டு. அக்கொடுமையின் வேர் முற்றும் அறவில்லை. அதனோடு, பெரிய வண்டிக்கே பெரிய இடம் எனும் எழுதாச் சட்டமும் இன்று சேர்ந்து நிற்கிறது. பணமுள்ளவன் ஒதுங்கமாட்டான், ஏழை ஒதுங்கியே தீரவேண்டும்!

விதியை மாற்ற முடியுமா என்பீர். நம் ஆற்றைப் பாருங்கள். ஒரு காலத்தில் படகையும் வெள்ளத்தின் மனத்தையும் நம்பித்தான் மக்கள் தாமிரவருணியைக் கடந்தனர். சுலோசன முதலியார் தம் பொருளைக் கொட்டிக் கொடுத்தார். 1843-இல் பாலம் எழுந்தது. சந்திப்பிலே தண்டவாளத்துக்கு மேல் 1973-இல் ஈரடுக்குப் பாலம் திறக்கப்பட்டது; கனத்த வண்டிகளுக்கு மேல்தளம், மிதிவண்டி முதலிய சிறு வண்டிகளுக்குக் கீழ்த்தளம். பெரியதையும் சிறியதையும் பிரித்து வைத்தால் உயிர் பிழைக்கும் எனும் அறிவு அன்றே நம்மூரில் இருந்தது! அந்த அறிவு பாலத்தோடு நின்றுவிடுவானேன்?

நெதர்லாந்திலே 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் மடிந்தோர் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களிலே குழந்தைகள் நானூறுக்கும் மேல். அந்நாட்டுப் பெற்றோர் விதி என்று விம்மி அடங்கவில்லை; வீதிக்கு வந்து போராடினர். தனிப்பாதைகள் பிறந்தன, குடியிருப்புத் தெருக்களிலே வேகம் குறைந்தது, சாவும் குறைந்தது. இதில் மந்திரமில்லை. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப்பாடம்.

நாம் கேட்பது அரண்மனையன்று. பள்ளி, கடைத்தெரு வழிகளிலே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம்; பெருஞ்சாலையிலே வெறும் வெள்ளைக்கோடாக இல்லாமல், கல்வரம்பு கட்டிப் பிரித்த மிதிவண்டிப் பாதை; குறுக்குவாட்டிலே கம்பியிட்ட சாக்கடை மூடி; எரியும் விளக்கு; நிழலுக்கு மரம். இவ்வளவே!

இளைஞனே, ஒரு காலை வேளையில் உன் ஊர்ச் சாலைமுனையிலே நில். எத்தனை மிதிவண்டிகள் கடக்கின்றன, எத்தனை அடி இடம் அவற்றுக்கு மிஞ்சுகிறது என்று எண்ணி, அளந்து எழுது. அந்தத் தாளை மாநகராட்சி உறுப்பினரின் கையிலே கொடுத்து, விடை கேள். தலையெழுத்தைத் திருத்த முடியாதென்பர். சாலையைத் திருத்த முடியும்!