ஊற்றை அடைத்தவர்களும் வாயை அடைத்துக்கொண்டவர்களும்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் குடும்பப் பத்திரிகையில் திரைப்படம் ஒன்றைப் பற்றி எழுத முற்படுவது உங்களில் சிலருக்கு வியப்பாகவும், வேறு சிலருக்கு மனத்தாங்கலாகவும் இருக்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்ல வந்தது திரைப்படத்தின் பெருமையை அன்று. ஒரு கதையின் முன்பாதியை மட்டும் இருபது ஆண்டுக்காலம் நெஞ்சில் சுமந்து திரிந்தவன் பின்பாதியைக் கண்டபொழுது என்ன ஆனான் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நான் இளங்கலை வரலாறு பயின்ற நாட்களில், கல்லூரி மாணவர் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை பிறநாட்டுப் படங்களைத் திரையிட்டு வந்தனர். அப்படி ஒரு மாலை கண்டதுதான் 'ழான் த ஃப்ளோரெத்' என்னும் பிரெஞ்சுப் படம். க்ளோத் பெரி என்பவர் இயக்கி, 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான 'மனோன்' படமும் அதே ஆண்டு வெளியாயிற்று என்றாலும், அன்று எங்களுக்குக் கிடைத்தது முதற்பகுதி மட்டுமே.

கதை நிகழும் இடம் தென்பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதி. மர்செய் துறைமுக நகரை அடுத்துள்ள ஒபாஞ் என்னும் ஊரின் பின்னே எழும் வறண்ட குன்றுகள். கதையை எழுதிய மார்செல் பஞ்ஞோல் 1895இல் அந்த ஒபாஞ்சிலேயே பிறந்தவர். இதனை முதலில் 1952இல் தாமே படமாக எடுத்தார். மனநிறைவு கொள்ளாமல், பத்தாண்டுகள் கழித்து இரண்டு பாகங்கள் கொண்ட நாவலாக விரித்து எழுதினார். பெரியின் படங்கள் அந்த நாவலிலிருந்து பிறந்தவை.

அந்நிலத்தின் இயல்பைச் சற்றே சொல்ல வேண்டும். அங்குள்ளவை சுண்ணாம்புக் கற்குன்றுகள். பெய்யும் மழை மண்மேல் நிற்பதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத குகைகளில் ஓடி, எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக வெளிப்படும். அந்த ஊற்றை உடையவன் செல்வன். இல்லாதவன் வானத்தைப் பார்த்து வாழ்பவன். ஊற்று எங்கே இருக்கிறது என்னும் செய்தியே அங்கு ஒரு சொத்து. அப்பாக்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கண்மூடுவார்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் கதை விளங்கும்.

முதல் உலகப் போர் முடிந்த பிந்தைய ஆண்டுகள். உகோலின் என்னும் இளைஞன் இராணுவச் சேவை முடிந்து ஊர் திரும்புகிறான். எவருக்கும் தெரியாமல் கார்னேஷன் மலர்ச்செடிகளை வளர்த்துப் பார்க்கிறான். அவனுடைய பெரியவர், ஊரார் 'பாப்பே' என்றழைக்கும் செல்வந்தர், முதலில் ஏளனம் செய்கிறார். பூக்கடையில் அம்மலர்களுக்குக் கிடைக்கும் விலையைக் கண்டதும் வாயடைத்துப் போகிறார். ஆனால் அச்செடி தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் செடி. தண்ணீரோ பக்கத்து நிலத்தில் இருக்கிறது. அந்நிலத்துக்காரரிடம் விலை பேசப் போன இடத்தில் வாய்த்தகராறு கைகலப்பாகி, அவர் அடிபட்டு, பின்னர் இறந்தும் போகிறார். நிலம் விற்பனைக்கு வரும், மலிவாக வாங்கிவிடலாம் என்று, பெரியவரும் இளைஞனும் அங்குள்ள ஊற்றைத் தோண்டிக் கண்டு சிமெண்டால் அடைத்து, மண் போட்டு மூடிவிடுகிறார்கள்.

நிலம் விற்பனைக்கு வரவில்லை, வாரிசு வந்தார். இறந்தவரின் சகோதரி ஃப்ளோரெத்தின் மகன் ழான். முதுகு கூனியவர். நகரத்தில் வரி வசூலிக்கும் அலுவலராக இருந்தவர். மனைவியையும் சிறு மகள் மனோனையும் அழைத்துக்கொண்டு, கட்டுக்கட்டாகப் புத்தகங்களோடு வருகிறார். முயல் வளர்ப்பார், அம்முயல்களுக்காகச் சுரைக்கொடி போடுவார், ஆண்டுதோறும் பெய்த மழையின் சராசரிக் கணக்கும் கையில் இருக்கிறது. தமது நிலத்திலேயே, தம் காலடிக்குக் கீழே, அடைபட்ட ஊற்று ஒன்று இருப்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

பிறகு நடப்பவற்றை விரித்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்க்கிறது. ஆப்பிரிக்கப் பாலையிலிருந்து வீசும் அனற்காற்று பயிரைக் கருக்குகிறது. தொலைவிலுள்ள மற்றோர் ஊற்றிலிருந்து அவரும் மனைவியும் மகளும் ஒரு கழுதையுமாகத் தண்ணீர் சுமக்கிறார்கள். ஒருநாள் இடி முழங்கி மேகம் திரண்டு, மலைக்கு அப்பால் பெய்துவிட்டுப் போய்விடுகிறது. அப்பொழுது அம்மனிதர் வானை நோக்கிக் கதறும் சொற்களை இங்கே எழுத என் பேனா கூசுகிறது. அவற்றைக் கேட்டு நான் அவர்மேல் சினங்கொள்ளவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இறுதியில் நிலத்தை அந்தப் பெரியவரிடமே அடகு வைத்துக் கிணறு தோண்டுகிறார். வெடி வைத்த பாறையில் நீர் வந்ததா என்று ஆவலோடு ஓடுகிறார்; மேலே பறந்த கல் விழுந்து உயிர் துறக்கிறார். குடும்பம் வெளியேறுகிறது. அந்த வண்டி கண்ணைவிட்டு மறையும் முன்பே இருவரும் ஊற்றைத் திறக்கிறார்கள். தண்ணீர் பீறிட்டு வருகிறது. திரும்பி வந்த சிறுமி மனோன் மறைவிலிருந்து அதைக் கண்டு அலறுகிறாள். அந்த அலறலோடு முதற்படம் முடிகிறது.

அன்றிரவு விடுதியில் நாங்கள் எவரும் உறங்கவில்லை. பெரியவராக நடித்த ஈவ் மோந்தானையும், உகோலினாக நடித்த தானியேல் ஓத்தேயையும் நேரில் கண்டால் அடிக்கவும் தயங்கமாட்டோம் போலிருந்தது. மோந்தான் 1991லேயே மறைந்துவிட்டார் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. ஓத்தேயின் முகம்தான் என்னை அதிகம் வதைத்தது. ஏனெனில் உகோலின் முழுக்கொடியவன் அல்லன். ழானோடு பழகுகிறான், அவர் வீட்டில் உண்கிறான், அவர் தன்னை மதித்து நடத்துவதில் குழைந்து போகிறான், அவர் இறந்தபொழுது அழுகிறான். ஆனாலும் ஊற்றைப் பற்றி ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. கொடியவன் செய்யும் கொடுமையைப் புரிந்துகொள்வது எளிது. இளகிய மனம் உடையவன் இளகியபடியே செய்யும் கொடுமையை என்னவென்பது?

பேராசைக்காரர் இருவர், அப்பாவி ஒருவர். இப்படித்தான் இருபது ஆண்டுகள் அக்கதையை நினைவில் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அண்டை வீட்டார் உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் இக்கதையைச் சொல்வதுண்டு. சொல்லும்போது ஒரு சுகமும் இருந்தது. அந்த இருவரில் நான் இல்லையல்லவா?

மூன்றாண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் இரண்டாம் படத்தைக் கணினியில் எடுத்துத் தந்தான். அதில் மனோன் வளர்ந்து ஆடு மேய்க்கும் பெண்ணாகியிருக்கிறாள். ஒருநாள் வேட்டைக்கு வந்த ஊரார் இருவர் பேசிக்கொள்வது அவள் காதில் விழுகிறது. அந்த ஊற்று அடைக்கப்பட்டது ஊரில் பலருக்கும் தெரியும்! தெரிந்தே இருந்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் அமர்ந்து கதை பேசியபடி, ஒரு குடும்பம் தண்ணீர் சுமந்து சாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது அவ்வூரின் நாகரிகம்!

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ழான் யாருடைய மகன் என்பதைப் பாப்பே ஊராரிடமிருந்து மறைத்துவிட்டார். ஃப்ளோரெத் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் மகன் என்று தெரிந்திருந்தால், நம்மவன் என்று எவரேனும் ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். அவர்களுக்கு ழான் அயலூரிலிருந்து வந்த ஒரு கூனர். அதுவும் இவ்வூருக்குப் பகையான ஊர். வந்தேறிக்கு எதற்கு வாய் திறக்க வேண்டும்? நம்மவருக்கு ஒரு நியாயம், அயலாருக்கு ஒரு நியாயம். வாசகர்களே, அந்த இடத்தில் கணினியை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் கணவரை இழந்த லாத்தா ஒருவர் குடியிருந்தார். வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் வீட்டுக்குப் பின்னே ஒரு சந்து. அதன் வழியாகத்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தச் சந்தைச் சேர்த்துச் சுவர் எழுப்பினார். அது பொதுச்சந்து என்பது சிறுவயது முதல் அதில் ஓடி விளையாடிய எனக்கு நன்றாகத் தெரியும். லாத்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க ஓதிக் கொடுக்கிறவங்க. உங்க சொல்லுக்கு மதிப்பு உண்டு. அது பொதுச்சந்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

என் சம்பளத்தைத் தீர்மானிப்பவர்களுள் அந்தப் பெரியவரும் ஒருவர். "எனக்குச் சரியா நினைவில்லையே, லாத்தா" என்றேன்.

அடுத்த ஆண்டு அவர் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்துக்கு வருகிறேன். மனோன் பழிவாங்குகிறாள். ஊர்முழுவதற்கும் நீர் தரும் ஊற்று நிலத்தடியில் எங்கிருந்து வருகிறது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, அதை அடைத்துவிடுகிறாள். ஊர்க்குழாய் வறள்கிறது. அரசுப் பொறியாளர் வருகிறார், பேசுகிறார், போகிறார். வாய் திறக்காதவர்கள் எல்லாரும் இப்பொழுது வாய் திறந்து கூக்குரலிடுகிறார்கள். குட்டு வெளிப்பட்டு, காதலும் கைகூடாத உகோலின் தூக்கிட்டுக்கொள்கிறான். மனோன் ஒருவழியாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள்.

பாப்பேக்கு மட்டும் தண்டனை வேறு உருவில் வருகிறது. பார்வையிழந்த மூதாட்டி ஒருத்தி நெடுங்காலத்துக்குப் பின் ஊர் திரும்புகிறாள். இளமையில் அவர் ஆப்பிரிக்காவில் படைவீரராக இருந்தபொழுது ஃப்ளோரெத் ஒரு கடிதம் எழுதினாளே, ஏன் மறுமொழி எழுதவில்லை என்று கேட்கிறாள். அவர் வயிற்றுப் பிள்ளையைச் சுமப்பதாகச் சொன்ன கடிதம். அது அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. கருவைக் கலைக்க முயன்றும் பிழைத்துப் பிறந்த அந்தப் பிள்ளை கூனோடு பிறந்ததாம். தம் குலம் தழைக்க வேண்டும் என்பதற்காக நிலம் சேர்த்த மனிதர், தம் ஒரே மகனைத் தண்ணீரின்றிச் சாகடித்திருக்கிறார். ஒருநாளும் நெருங்கிப் போய்ப் பேசாமல், தொலைவிலிருந்து வேவு மட்டுமே பார்த்திருக்கிறார். மோந்தான் அக்காட்சியில் அழுது ஆர்ப்பரிக்கவில்லை. அமர்ந்திருக்கிறார்; முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூப்படைகிறது. இளைய நடிகர் ஓத்தேய்க்குப் பிரான்சில் சீசர் விருது கிடைத்தது. மோந்தானுக்குக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

வந்து சேராத அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டே நானும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் பேருந்து ஏறி, லாத்தாவின் மகள் வீட்டைத் தேடிப் போனேன். கண்பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். சந்தைப் பற்றித் தொடங்கினேன். அது பொதுச்சந்துதான், அன்றே எனக்கு நினைவிருந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

"தெரியும் தம்பி. உங்களுக்கு நினைவிருக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் லாத்தா. பிறகு உள்பக்கம் திரும்பி, "தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்று மகளிடம் சொன்னார்.