காய்ச்சல் கண்ட அறை

பணி ஓய்வு பெற்றபின், நூல்நிலையம் ஒன்றிற்குச் சென்று மெய்ப்புப் பார்த்து வருகின்றேன். அங்கே பழைய ஏடுகளையும் அச்சு நூல்களையும் படம்பிடித்து, ஒரு சிற்றறையில் உள்ள இரண்டு கணிப்பொறிகளில் சேமித்து வைக்கின்றனர். ‘சர்வர்’ என்று இளைஞர் கூறும் இவற்றைத் தமிழில் ‘வழங்கி’ என்பர். கேட்டவர்க்கெல்லாம் வழங்குவதே இவற்றின் தொழிலாதலின் பெயர் பொருத்தமே.

வழங்கிகள் இரவும் பகலும் உழைப்பவை. உழைக்குந்தோறும் வெப்பத்தை உமிழ்பவை. ஆதலால் வெப்பத்தை அறியும் உணரிகளை அவற்றில் அமைத்துள்ளனர். குளிர்காற்று புகும் முகப்பில் ஒன்று. சூடேறிய காற்று வெளியேறும் புறத்தே ஒன்று. கணிப்பொறியின் மூளையாகிய சில்லினுள்ளே மற்றொன்று. முகப்பில் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நன்று என்பது பொறியாளர் கொள்கை. எல்லை கடந்தால், அறையைக் காக்கும் இளைஞரின் கைப்பேசி ஒலிக்கும்.

ஒரு கோடையில் அஃது ஓயாமல் ஒலித்தது. கதவைச் சற்றே திறந்து வைத்தாலும் ஒலி. மின்சாரம் தடைப்பட்டு மீண்டாலும் ஒலி. “தம்பி, அதை அடக்கி வைக்கலாகாதா? எழுத்தில் கண் ஊன்றவில்லை” என்று நானே சொன்னேன். அவரும் அடக்கிவிட்டார். பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் செய்த பிழை அது.

மறுவாரம் ஒரு நண்பகல், வேறு எதற்கோ கைப்பேசியை எடுத்த இளைஞர் திடுக்கிட்டார். ஏழு செய்திகள் பார்க்கப்படாமல் கிடந்தன. முதற்செய்தியில் 28 பாகை. இறுதிச் செய்தியில் 36.

“ஐயா, கதவு திறந்ததனால் வந்த சூடு ஏறி இறங்கும். இஃது ஏறிக்கொண்டே போகிறது!”

விரைந்து சென்று கதவைத் திறந்தோம். அனற்காற்று முகத்தில் அறைந்தது. குளிரூட்டும் பொறியிலோ 22 என்னும் எண் அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அஃது அறையின் வெப்பமன்று. நாம் வேண்டுமென்று கேட்டு வைத்த அளவு! விசிறி சுழன்றது, காற்றும் வந்தது, குளிர் மட்டும் இல்லை. மாடியிலிருந்த வெளிப்பகுதி நின்றுபோயிருந்தது.

மின்விசையை அணைக்கக் கை நீட்டினேன். இளைஞர் தடுத்தார். வெப்பம் மிகுந்தால் வழங்கி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால் தன்னைக் காக்கத் தானே அணையும். எழுதிக்கொண்டிருக்கையில் திடீரென அணைந்தாலோ, பாதி எழுதிய கோப்பு சிதையக்கூடும். ஆகவே அவர் நடந்துகொண்டிருந்த வேலைகளை நிறுத்தி, வழங்கிகளை முறைப்படி ஒவ்வொன்றாக அணைத்தார். பின்னர்க் கதவருகே மின்விசிறியை வைத்துச் சூட்டை வெளியே தள்ளினோம்.

ஆயினும் ஒரு வட்டு பழுதாயிற்று. அதிலிருந்தவற்றுக்கு மறுபடி இருந்தது. அன்று காலை படம்பிடித்த ஏட்டுக்கட்டு ஒன்றுக்கு மட்டும் இல்லை. அக்கட்டை மீண்டும் பிரித்தபோது இரண்டு ஓலைகளின் விளிம்பு உதிர்ந்தது. அவ்விளிம்பில் எழுத்துகள் இருந்தன.

இஃது எங்கள் சிற்றறைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைக் கடந்தது. அன்று இலண்டனில் பெருநிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்களிலேயே குளிரூட்டும் அமைப்புகள் பழுதுற்றன.

இப்பொழுது இளைஞர் எச்சரிக்கையை இரண்டாகப் பிரித்துள்ளார். 27 பாகையைக் கடந்தால் மெல்லிய ஒலி; 32 பாகையைக் கடந்தாலோ, வெப்பம் இடைவிடாது ஏறினாலோ உரத்த ஒலி. மெல்லிய ஒலி கேட்டாலும் நான் மெய்ப்புத் தாளை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கின்றேன். பெரும்பாலும் யாரோ கதவைச் சாத்த மறந்திருப்பார்.