ஞாயிற்றுக்கிழமை வீதி

ஹொங்கொங் நகரின் நடுவே உள்ள சேட்டர் வீதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் ஓடுவதில்லை. அன்று அது பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களின் முற்றம். அட்டைப்பெட்டிகளை விரித்து வட்டமாக அமர்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துண்பார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி தலை வாரிவிடுவாள். சிலர் நடனம் பழகுவார்கள். ஊருக்கு அனுப்பும் சாமான்களும் அங்கேயே பொதியாகும். இந்தோனேசியப் பெண்கள் விக்டோரியா பூங்காவில் கூடுகிறார்கள்.

வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதனால் வாய்விட்டுச் சிரிக்க இவர்களுக்கு வீதிதான் இடம். சம்பளம் கிடைக்காதவள் எங்கே முறையிடலாம் என்று அறிவதும் இந்தக் கூட்டத்தில்தான். ஏழு நாட்களுக்கு ஒருநாள் ஓய்வு என்பது அங்கு சட்டம் தரும் உரிமை.

வெளிநாடு செல்ல எண்ணும் சகோதரிகளே, ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன் சம்பளத்தோடு ஓய்வு நாளையும் கேளுங்கள். தோழியரைக் காணும் அந்த ஒருநாள் மற்ற ஆறு நாட்களுக்கும் தெம்பு தரும்.