ஒரு கதிரை வாங்கக் கொழும்புக்குப் போனோம்

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறுபவர்களைக் கேட்டால் ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு என்பார், ஒருவர் வெளிநாட்டு அலுவல் என்பார், இன்னொருவர் விமான நிலையம் என்பார். அன்றிரவு நானும் என்னுடன் வந்த அக்காவும் போனது ஒரு கதிரை வாங்குவதற்காக. பக்கத்து ஆசனத்தில் இருந்த அம்மா காரணம் கேட்டு, "கதிரை வாங்க இவ்வளவு தூரமோ?" என்று வியந்தார். இது சாதாரணக் கதிரை அல்ல. அழகுக்கலை நிலையங்களில் முகப் பராமரிப்புக்குப் பயன்படும், காலால் மிதித்து உயர்த்தக்கூடிய, பின்னால் சாய்த்துப் படுக்கையாக்கக்கூடிய ஹைட்ரோலிக் கதிரை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. பரந்தனுக்குக் கிட்டவுள்ள ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளுடன் வாழ்கிறார். 2009 மே மாதத்துக்குப் பின் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. முதலில் தையல் தைத்தார். பின்னர் அழகுக்கலைப் பயிற்சியை முடித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் பெற்று, வீட்டின் முன்னறையில் ஒரு சிறு நிலையத்தை ஆரம்பித்தார். மணப்பெண் அலங்காரம் மட்டும் அல்ல. வெயிலில் தோட்ட வேலை செய்து முகம் கறுத்த பெண்கள், காயத் தழும்பைச் சற்று மென்மையாக்க விரும்புபவர்கள், பாதம் வெடித்த வயதான அம்மாமார் என்று பலரும் அவரிடம் வருகிறார்கள்.

இதுவரை அவர்களை ஒரு பழைய சாய்மனைக் கதிரையில் இருத்தியே வேலை செய்தார். அது தாழ்வானது. ஒரு மணித்தியாலம் குனிந்து நிற்க வேண்டும். அக்காவின் இடது தோளில் இன்னமும் ஒரு செல் துண்டு இருக்கிறது. பின்னேரமானால் கையைத் தூக்க முடியாது. நாளுக்கு இரண்டு பேருக்கு மேல் அவரால் பார்க்க முடியாதிருந்ததற்குக் காரணம் ஆட்கள் வராமை அல்ல, அந்தத் தாழ்ந்த கதிரைதான்.

நான் கூடப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன். 2021இல் நான் வேலை செய்த ஒரு நிறுவனம் நான்கு பெண்களுக்கு அழகுக்கலை உபகரணங்கள் கொடுத்தது. மூன்று விலைமனுக்கள் எடுத்து, குறைந்த விலையைத் தெரிவு செய்து, மின்சாரத்தில் இயங்கும் நான்கு கட்டில்களை லொறியில் இறக்கினோம். அந்தப் பெண்களில் ஒருவரும் அவற்றை முன்னரே பார்க்கவில்லை, ஏறிப் படுத்தும் பார்க்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்து வைத்தது நான். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அந்தக் கட்டில்கள் அப்படியே நின்றன. மின்சாரம் வந்த பின்னர் இரண்டில் மோட்டர் பழுதாகியது. திருத்த ஆளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. அதில் ஒன்றின் மேல் இப்போது மடித்த உடுப்புகள் அடுக்கப்பட்டிருப்பதை நானே பார்த்தேன். ஆகவே இம்முறை வாங்குபவரே போய்ப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்த காசு ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. எழுபதாயிரம் அக்காவின் சீட்டுக்காசு. அறுபதாயிரம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதிக் கடன். வீடு தேடி வந்து கிழமைக்குக் கிழமை அறவிடும் கம்பனிக் கடனை அவர் ஒருமுறை பட்டு அனுபவித்தவர். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவுக்குள் போய் நின்ற நாட்களைப் பற்றிச் சொன்னார். "இந்தக் காசு பிழைச்சால் சங்கத்தில இருக்கிற மற்றப் பெண்களின்ர காசும் பிழைச்சுப் போகும் மிஸ்" என்றார். எங்கள் பயணத்தின் பாரம் அதுதான்.

ஓமந்தையைக் கடக்கும்போது நித்திரையில் இருந்த அக்கா திடுக்கிட்டு எழும்பிக் கைப்பையைத் தடவினார். தேசிய அடையாள அட்டையைத் தேடுகிறார் என்று விளங்கியது. அங்கிருந்த சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் உடம்புக்கு அந்த இடம் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்.

விடியற்புறம் புறக்கோட்டையில் இறங்கினோம். கடைகள் திறக்கும் வரை செட்டியார் தெருப் பக்கம் ஒரு சைவக் கடையில் முகம் கழுவித் தேநீர் குடித்தோம். புறக்கோட்டை ஓர் அதிசயமான இடம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சாமான். செட்டியார் தெருவில் நகை, கேபோஸ் ஒழுங்கையில் ஆயுர்வேத மருந்துச் சரக்கு, ஐந்தாம் குறுக்குத் தெருவில் கருவாடும் சரக்கும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை அக்கா நின்று பார்த்தார். 1908இல் கட்டத் தொடங்கிய பள்ளி அது. நாட்டாமைமார் தலையிலும் வண்டியிலும் பாரம் ஏற்றி, வழிவிடச் சொல்லிச் சத்தமிட்டுக்கொண்டு போனார்கள். மூன்று மொழியும் ஒரே வசனத்தில் கலந்து கேட்டது.

முதலாவது கடை குளிரூட்டப்பட்டது. மூன்று மோட்டர் பூட்டிய வெள்ளைக் கதிரை ஒன்றைக் காட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் கால் பக்கம் எழும்புகிறது, முதுகு சாய்கிறது. விலை இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான்களின் விலை இப்படித்தான் என்றார் விற்பனைப் பெண். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பழுதானால் கிளிநொச்சிக்கு வந்து திருத்துவீர்களா என்று கேட்டேன். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். அக்கா அந்த மெத்தையை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடையில் ஹைட்ரோலிக் கதிரை எண்பத்தையாயிரத்துக்கு இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மிச்சக் காசுக்கு மற்றச் சாமான்களும் வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். அக்கா அவசரப்படவில்லை. தையல்காரியாக இருந்தவர் அல்லவா, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். கதிரையை முழுவதும் உயர்த்தி, என்னை அதில் இருத்தி, நிலத்திலிருந்து ஆசனம் வரை அளந்தார். இருபத்தேழரை அங்குலம். "ஒருக்கா அப்பிடியே இருங்கோ மிஸ்" என்றார். பத்து நிமிடத்துக்குப் பின் திரும்ப அளந்தார். இருபத்தாறு. ஒருவரும் தொடாமலே ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. குனிந்து நடுத்தண்டைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் எண்ணெய்.

இந்தக் கதிரை எப்படி இயங்குகிறது என்பதைச் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது. வாகனத்தின் சில்லுக் கழற்றும்போது வைக்கும் ஒயில் ஜக்கைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். அடியில் உள்ள பம்பில் எண்ணெய் இருக்கிறது. காலால் மிதிக்கும்போது ஒரு சிறிய தண்டு அந்த எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் அமுங்கிச் சுருங்காது. ஆகவே அது பெரிய தண்டைச் சிறிது சிறிதாக மேலே தூக்குகிறது. அடைக்கப்பட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் பஸ்கால் 17ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த விதியே இதன் அடிப்படை. உள்ளே இருக்கும் வால்வோ றப்பர் வளையமோ தேய்ந்தால் எண்ணெய் பின்வாங்கும், கதிரை தானாக இறங்கும். வேலை நடுவில், கண்ணுக்குக் கிட்டக் கை இருக்கும்போது கதிரை இறங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்பத்தையாயிரம் மலிவு என்று நினைத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கடை ஒரு ஒடுக்கமான படிக்கட்டின் மேலே இருந்தது. கடைக்காரர் நரைத்த தாடியுடன் ஒரு முஸ்லிம் பெரியவர். "வாங்க தங்கச்சி, ஏறிப் பார்த்துத்தான் எடுக்கணும், பார்க்காம எடுக்க வேணாம்" என்று அவரே சொன்னார். பகட்டில்லாத மண்ணிறக் கதிரை ஒன்று இருந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழுதாக உயர்த்தி என்னைப் பத்து நிமிடம் இருத்தியபோது நாடாவில் வித்தியாசம் இல்லை. தண்டைத் துடைத்த துணி காய்ந்திருந்தது. இரு பக்கமும் பிடித்து ஆட்டியபோது அடித்தட்டு அசையவில்லை.

பிறகு என்னைப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு இருந்து, முகத்துக்குக் கிறீம் பூசுவது போல விரல்களை வைத்தார். "முழங்கால் உள்ளுக்குப் போகுது, இடிக்கேல்லை" என்றார். முழங்கை தோளுக்கு மேலே எழும்பாமல், உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தார். அவரது தோளுக்கு அதுதான் முக்கியம். இருந்து செய்யும் வேலைக்கு ஓர் உயரம், நின்று செய்யும் வேலைக்கு இன்னோர் உயரம் வேண்டும். ஒரே உயரத்தில் நிற்கும் கட்டிலில் இது முடியாது.

கடைசியாக முழுவதும் இறக்கி அளந்தார். இருபத்தொரு அங்குலம். "நானா, இந்தக் கைப்பிடி கழருமோ?" என்று கேட்டார். பெரியவர் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் மடித்துக் காட்டினார். நான் ஏன் என்று கேட்டேன். அக்காவின் அயலில் ஒரு கால் இழந்த அம்மா இருக்கிறார். ஊன்றுகோலுடன் வருபவர். கைப்பிடி நிற்கும் கதிரையில் அவரால் நேரே பின்பக்கம் விழுந்துதான் இருக்க முடியும். கைப்பிடி மடிந்தால் பக்கவாட்டில் இருந்து மெல்ல அரக்கி ஏறலாம். சக்கர நாற்காலியின் ஆசனமும் பொதுவாகப் பத்தொன்பது, இருபது அங்குலம் அளவில்தான் இருக்கும். இதைப் போன்ற கேள்வி எங்கள் விலைமனுப் பத்திரத்தில் ஒரு வரியாகவும் இருந்ததில்லை.

றெக்சின் உறையைப் பற்றியும் பெரியவர் சொல்லித் தந்தார். தையல் மூட்டுக் கூடினால் எண்ணெயும் கிறீமும் அதற்குள் போய்ப் பழுதாக்கும். ஒவ்வொருவருக்குப் பின்னும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். குளோரின் சேர்ந்த மருந்தைக் கடுமையாகப் போட்டால் உறை வெடிக்கும். ஜன்னல் வெயில் படும் இடத்திலும் வைக்கக் கூடாது. மேலே துவைத்த பருத்தி விரிப்பு போட்டு, ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும்.

ஒரு இலட்சத்து பதினெட்டாயிரம் சொன்னவர், பேசிப் பேசி ஒரு இலட்சத்து பன்னீராயிரத்துக்கு வந்தார். முக்காலி எண்ணாயிரத்து ஐந்நூறு. லொறிக் கூலி ஆறாயிரத்து ஐந்நூறு. மிச்சம் மூவாயிரம். பம்புக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று வாயால் சொன்னதை அக்கா பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டார். பம்ப் மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாமா, அது கடையில் கிடைக்குமா என்பதையும் கேட்டு எழுதுவித்தார். லொறியில் கதிரையைப் படுக்கப் போடக் கூடாது, நிமிர்த்தியே கட்ட வேண்டும் என்று பெரியவர் நாட்டாமைக்கு இரண்டு முறை சொன்னார். சரித்தால் எண்ணெய் ஒழுகலாம், பம்புக்குள் காற்றும் போகலாம். அப்படிக் காற்றுப் போனால் முழுவதும் உயர்த்தி முழுவதும் இறக்கி, சில தடவை செய்தால் வெளியேறும் என்றார்.

திரும்பி வரும்போது அக்கா நித்திரை கொள்ளவில்லை. கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஒரு முகப் பராமரிப்புக்கு இரண்டாயிரம் ரூபா. கிறீம், விரிப்புத் துவைத்தல் எல்லாம் எழுநூறு. மிச்சம் ஆயிரத்து முந்நூறு. கடன் தவணை மாதம் மூவாயிரமும் சிறு வட்டியும், இருபது மாதம். "மாதம் மூன்று பேர் கூட வந்தால் தவணை ஓடும் மிஸ். நாளுக்கு மூன்று பேரைப் பார்க்க இனிக் கை விடும்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து அவரது வீட்டுக்குப் போனேன். சீமெந்து நிலத்தில் ஒரு மூலை பதிந்திருந்ததால், மேசனைப் பிடித்து முதலில் நிலத்தைச் சமப்படுத்திய பின்புதான் கதிரையை வைத்திருந்தார். மிச்சமான மூவாயிரம் அதற்குப் போயிருந்தது. அந்த அம்மா வந்திருந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி, பக்கவாட்டில் இருந்து அரக்கி ஏறினார். அக்கா மிதியை மிதித்தார். கதிரை மெல்ல உயர்ந்தது. "எத்தனை பேர் என்னைத் தூக்கித் தூக்கி வைச்சினம் பிள்ளை. இண்டைக்கு ஒருத்தரும் பிடிக்கேல்லை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படி ஒரு தொழில் சாமான் வாங்க நினைக்கும் சகோதரிகள், அதை வாங்கித் தருவது நிறுவனமாக இருந்தாலும், "நானும் வந்து பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. போகும்போது ஓர் அளவு நாடாவும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு போங்கள். பத்து நிமிடம் பொறுத்து இருந்து பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். என்னைப் போன்ற உத்தியோகத்தர்கள் இதை வாசித்தால், கையெழுத்து வைக்கும் முன் அந்தக் கட்டிலில் ஒருமுறை நீங்களும் ஏறிப் படுத்துப் பாருங்கள்.