நாலு ஆளு லேப்டாப்பும் ஆட்டு ஊசியும்

ஒரு மாசமா இந்தப் பக்கமே வர முடியல. மக்காச்சோளம் அடிச்சு முடிச்ச கையோட வீட்டுல இன்னொரு வெள்ளாமை ஓடுச்சு. அது லேப்டாப் வெள்ளாமை. பரளச்சியில இருந்துக்கிட்டு லேப்டாப்பைப் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. கடைசியில இதுவும் விவசாயக் கதைதான்.

மகள் மதுரையில கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருசம். கடைசி செமஸ்டர்ங்கிறதால பாதி நாள் வீட்டுல இருந்துதான் வேலை. அவ எடுத்துக்கிட்ட ப்ராஜெக்ட், மக்காச்சோளப் படைப்புழு. 2018-ல கர்நாடகாவுல முதல்ல கண்டுபிடிச்சு, அதே வருசம் நம்ம பக்கமும் வந்து குருத்தை அரிச்ச அதே அமெரிக்கன் படைப்புழுதான். இலையைப் போட்டோ எடுத்துக் காட்டினா புழு விழுந்திருக்கா இல்லையான்னு கம்ப்யூட்டர் சொல்லணும். அதுக்காகக் கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் நம்ம காட்டுலயும் பக்கத்துக் காடுகள்லயும் நடந்து ரெண்டாயிரத்துக்கும் மேல படம் எடுத்திருந்தா.

அந்தப் படத்தையெல்லாம் காட்டி கம்ப்யூட்டரைப் பழக்கணும். ஒரு தடவை பழக்க ஒன்பது மணி நேரம். விடிஞ்சு பார்த்தா சரியா வந்திருக்காது. ஒரு கணக்கை மாத்தி மறுபடியும் ஒன்பது மணி நேரம். நடுவுல கரண்டு போனா பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இணையத்துலயே ஓட்ட ஓசியா இடம் தர்றாங்களேன்னு நீங்க கேக்கலாம். அதையும் பார்த்தா. எங்க ஊரு சிக்னல்ல படத்தை ஏத்தவே ஒரு நாள், பாதியில அந்துரும். ப்ராஜெக்ட் கொடுக்கப் பதினெட்டு நாள்தான் பாக்கி.

லேப்டாப் மூணு வருசம் முன்னாடி பதினாலாயிரத்துக்கு வாங்குன பழசு. லெனோவோ திங்க்பேட் டி440பி. பெரிய கம்பெனிகள் சில வருசம் ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடுற சரக்கு. மதுரையில ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டினோம். "இதைத் தூக்கிப் போடுங்க சார், புதுசு அம்பத்திரண்டாயிரம் ஆகும்"னார். தையில பெஞ்ச மழையில மல்லி அறுத்துப்போட்ட இடத்துலயே கறுத்துப்போன வருசம் இது. நான் பேசாம இருந்தேன். மகளும் எதுவும் கேக்கல. அவ கேக்காம இருந்ததுதான் பஸ்ஸுல வர்ற வழி பூரா எனக்கு உறுத்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அவளே வந்தா. "அப்பா, இதுல பிராசஸரை மட்டும் கழட்டி வேற மாட்டலாம்ப்பா. மூவாயிரத்துச் சொச்சம்தான் ஆகும்."

"மோட்டார்ல காயில் மாத்துற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா பலகையில ஏதாச்சும் ஆயிட்டா இருக்கிறதும் போயிரும்."

அந்த ரெண்டாவது வார்த்தையில ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. விடிஞ்சதும், என்ன ஏதுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லச் சொன்னேன்.

இருந்தது இன்டெல் ஐ5-4300எம். அதுல ரெண்டு கோர். அதாவது களை எடுக்க ரெண்டு ஆளு. மாட்டப் போறது ஐ7-4702எம்கியூ. அதுல நாலு ஆளு. ஆளுக்கு ஆளு வேகத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. பழசு அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், புதுசு 3.2. அதனால ஒரே ஆளு செய்யுற வேலை துளிகூட வேகமாகாது. கிணத்துல ஒத்த வாளி இருந்தா நாலு பேரு நின்னும் பிரயோசனம் இல்லையே. ஆனா படம் பழக்குறது களை எடுக்குற மாதிரி. பாத்தி பாத்தியா பிரிச்சுக் கொடுத்துரலாம்.

கரண்டு, சூடு விசயத்தைத்தான் நான் முதல்ல கேட்டேன். அஞ்சு ஹெச்.பி. சர்வீஸ்ல ஏழரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டுனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். "அதைப் பார்த்துத்தாம்ப்பா எடுத்தேன்"னா. இதே வரிசையில 4700எம்கியூன்னு இன்னும் கொஞ்சம் வேகமானது இருக்கு, அது 47 வாட். இவ எடுத்தது 37 வாட். பழைய ஐ5-ம் அதே 37 வாட்தான். உள்ள இருக்குற விசிறியும் செம்புக் குழாயும் அதுக்குத் தாங்கும். சார்ஜர் மட்டும் 65 வாட்டுல இருந்து 90 வாட்டுக்கு மாத்தணும்னா. பழசுலயே ஒண்ணு தொள்ளாயிரத்துக்குக் கிடைச்சுது.

எழுத்துலயும் கவனம் வேணும்னு சொல்லிக் கொடுத்தா. எம்கியூன்னு முடியறது ஊசிக்கால் வச்சது, குழியில கழட்டி மாட்டலாம். ஹெச்கியூன்னு முடிஞ்சா பலகையில பத்தவச்சு ஒட்டுறது. பேரு பாதி ஒண்ணா இருக்குதேன்னு அதை வாங்கிட்டா மாட்டவே முடியாது. லேப்டாப்லயும் அப்படித்தான். டி440-ன்னு பின்னாடி 'பி' இல்லாம இன்னொண்ணு இருக்கு. அதுல பிராசஸர் பலகையோட ஒட்டுனது.

சிப்பு தபால்ல வந்துச்சு. தீப்பெட்டியைவிடச் சின்னது, அடியில தொள்ளாயிரத்துக்கும் மேல ஊசிக்கால். டார்ச் அடிச்சுப் பார்த்தா ஓரத்துல ஒரு கால் வளைஞ்சு கிடக்கு. மகள் முகம் சுண்டிப்போச்சு. நிமித்தறப்போ ஒடிஞ்சா அவ்வளவுதான், திருப்பி அனுப்புனா வர்றதுக்குப் பத்து நாள்.

எனக்கு ஆட்டுக்கு ஊசி போடுற சிரிஞ்சு ஞாபகம் வந்துச்சு. ஊசி உள்ளுக்குள்ள குழல்தானே. புது ஊசி ஒண்ணை எடுத்து அந்தக் கால் மேல தொப்பி மாதிரி மாட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நிமித்துனேன். மண்வெட்டி பிடிச்ச கை. ஆனா நடுங்கல. மகள் டார்ச்சைப் பிடிச்சிருந்தா, அவ கைதான் நடுங்குச்சு.

அப்புறம் அவ வேலை. பேட்டரியைக் கழட்டி, ஸ்டாட்டிக் கரண்டு போகட்டும்னு வெளியில போர் குழாயைத் தொட்டுட்டு வந்து உக்காந்தா. அடிமூடியைத் திறந்தா விசிறிக்குள்ள நம்ம கரிசல் தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. அதைத் துடைச்சு, செம்புக் குழாயைக் கழட்டி, ஓரத்துல இருந்த ஒரு திருகைப் பாதிச் சுத்து திருப்பினா பழைய சிப்பு தானா கைக்கு வந்துருச்சு. புதுசை அம்புக்குறி பார்த்து வச்சா. அமுக்கவே இல்லை, தானா உக்காந்துச்சு. மறுபடி பாதிச் சுத்து. மேல ஒரு அரிசி அளவு பேஸ்ட், செம்புக் குழாய், மூடி.

பட்டனை அமுக்கினா திரை கறுப்பாவே நிக்குது. பத்து நொடி, இருபது நொடி. வீட்டுல ஒருத்தரும் பேசல. அம்பத்திரண்டாயிரத்தை யார்கிட்ட வட்டிக்குக் கேக்கலாம்னு என் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் லெனோவோன்னு எழுத்து வந்துச்சு. உள்ள போய்ப் பார்த்தா நாலு கோர் காட்டுது. "எல்லாம் முடிஞ்சுதா, சாப்பிட வாங்க"ன்னு வீட்டுக்காரம்மா அப்பத்தான் உள்ள இருந்து சத்தம் கொடுத்தா.

அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி நேர வேலை அஞ்சே முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுச்சு. படுக்குறப்போ போட்டுவிட்டா கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி முடிஞ்சிரும். பகல்ல இன்னொரு தடவை. ரெண்டு மடங்கு ஆளு போட்டும் வேலை பாதியாகலையேன்னு கேட்டேன். நாலு பேருக்கும் வரப்பு ஒண்ணு, தண்ணி கொண்டு வர்றவரு ஒருத்தர்தானேப்பான்னா. சரிதான்.

ப்ராஜெக்ட்டை நாலு நாள் முன்னாடியே கொடுத்துட்டா. நம்ம காட்டுப் படம் நூறு காட்டினா தொண்ணூறுக்கு மேல சரியாச் சொல்லுது. மழைத்துளி நின்ன இலையை மட்டும் இன்னும் புழுன்னு சொல்லுது.

இதை நீங்களும் செய்யுங்கன்னு எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய லேப்டாப் மெதுவா ஓடுதுன்னா முதல்ல விசிறித் தூசியைத் துடைக்கணும், அப்புறம் எஸ்.எஸ்.டி. போடணும், அப்புறம் ராம். பிராசஸருக்குக் கடைசியாத்தான் வரணும்கிறது மகள் வாக்கு. எங்களுதுல எஸ்.எஸ்.டி. முன்னாடியே இருந்துச்சு. இன்னொண்ணு, இது விண்டோஸ் 11 ஏத்துக்குற வயசுள்ள சிப்பு இல்லை. 2025 அக்டோபரோட விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு முடிஞ்சதால லினக்ஸ்தான் ஓடுது.

அவ சொன்ன இன்னொரு சங்கதிதான் எனக்கு மனசுல நிக்குது. இந்தத் தலைமுறைக்கு அப்புறம் இன்டெல் லேப்டாப் சிப்பு கிட்டத்தட்ட எல்லாமே பலகையோட ஒட்டி வர்றதுதானாம். மெலிசா இருக்கணும்னு ஜனங்களும் கேட்டாங்க, அவங்களும் கொடுத்தாங்க. எங்க அப்பா காலத்துல பருத்தி விதையைச் சாணியில உருட்டிக் காயவச்சு மறுவருசம் ஊனுவாங்க. 2002-ல பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தாங்க. இப்ப வருசா வருசம் பாக்கெட்டுதான். விளைச்சல் கூடுனதை நான் மறுக்கல. ஆனா நம்ம கையில இருந்த ஒண்ணு எப்பப் போச்சுன்னே தெரியாமப் போச்சு.

பழைய ஐ5 சிப்பைத் தூக்கிப் போடல. புதுசு வந்த டப்பாவுலயே, கால் வளையாம வச்சிருக்கோம். பக்கத்துல அந்த ஆட்டு ஊசியும் இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல பழைய கம்பெனி லேப்டாப் ஏதாச்சும் கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி திருப்பிப் பேரைப் பாருங்க. பின்னாடி 'பி' இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க ஊருல படிக்கிற பிள்ளைகள் இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க.