அச்சகத்துக்குப் போகும் கோப்பு

சிவகாசிக்குப் போகும் காலண்டர் டிசைன் சிஎம்ஒய்கே வண்ணத்தில் இருக்க வேண்டும். திரையில் பளிச்சிடும் ஆர்ஜிபி நீலம் தாளில் மங்கிவிடும்.

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ.
வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல்.

தமிழுக்குத்தான் கவனம் அதிகம் வேணும்.
பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து, அதை பிடிஎஃப்பில் பதிக்காமல் விட்டால், அச்சகக் கணினியில் தமிழ் வரிகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும்.
அவுட்லைன் ஆக்கிவிட்டால் அந்தப் பயமில்லை. ஆனால் அதன்பின் எழுத்துப் பிழையைத் தட்டித் திருத்த முடியாது; மெய்ப்பு முன்பே முடிந்திருக்கணும்.

ஜிமெயில் இணைப்பு 25 எம்பி வரைதான். அதற்கு மேல் டிரைவ் லிங்க்.
வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.
டாக்குமெண்டாகவே அனுப்புங்கள்.